ஒரு சுமை மலையீந்து இலை

காரிமங்கலம்,
11-6-1972, ஞாயிறு.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட சம்பந்தி, கிருஷ்ணகிரி ஜவுளிக்கடை நசீருதீன் சாயபு அவர்களுக்கு, காரிமங்கலம் பந்தல் நூர் பாஷா பணிவோடு சலாம் சொல்லி எழுதுவது. ஆண்டவன் கிருபையால் இங்கே நானும் ரஹமத் பீவியும் சுகம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை முனாபும், எங்கள் மகள் ஹாஜிராவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். நம்பிக்கொண்டே கொஞ்சம் கவலையும் படுகிறோம்.

முதலில் என் நன்றிகளைச் சொல்லிவிடுகிறேன். தங்கமான பையனை எங்கள் பெண்ணுக்குக் கொடுத்ததற்கு நன்றி. நிக்காஹ் விருந்தில் பிரியாணிக்கு உப்பு கூடிப்போனதைப் பற்றி வாய் திறக்காமல், தண்ணீரை மட்டும் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்ததற்கு நன்றி. என் பெரிய மைத்துனர் தங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தன் மூல நோய்க்குப் பார்த்த வைத்தியங்களை ஆரம்பத்திலிருந்து சொன்னபோது, இடையில் எழுந்து போகாமல் கடைசி வைத்தியம் வரை கேட்டதற்குத் தனியாக ஒரு நன்றி. அப்படிப்பட்ட பொறுமைசாலியான தாங்கள் என் ஒரு தவறைப் பொறுக்காமலா போய்விடுவீர்கள் என்ற தைரியத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன்.

கல்யாணம் முடிந்து வரும் முதல் வெள்ளிக்கிழமை பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெண் வீட்டில் அழைத்து விருந்து வைப்பது நம் வழக்கம். முந்தாநாள் அந்த வெள்ளிக்கிழமை. ரஹமத் பீவி விடியலிலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை. குஸ்கா, கறிக் குருமா, தால்ச்சா, பிர்னி என்று ஒன்றையும் விடவில்லை. என்னிடம் வேலை செய்யும் தர்மன் கிருஷ்ணகிரியிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸையும் போய்ப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் தனியாகத் திரும்பி வந்தான். அசர் தொழுகை நேரத்துக்கு மேல் ரஹமத் பீவி பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னாள்: "எல்லாம் உங்க ஆர்ச்சு பண்ணுன வேலை." விருந்து முழுவதும் அக்கம்பக்கத்துக்குப் போயிற்று. சாப்பிட்டவர்கள் எல்லோரும் இவ்வளவு ருசியாக எங்கும் சாப்பிட்டதில்லை என்று வாழ்த்தினார்கள். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பந்தல் வாசல் ஆர்ச்சு என்றதும் தாங்கள் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள் என்று தெரியும். நிச்சயத்தின்போது தாங்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தீர்கள். "எங்க வூட்டு மொதக் கல்யாணம் பாய். பந்தல் வாசல்லேர்ந்து எல்லாம் புதுசா இருக்கணும். எவன் விசேஷத்துலயோ நின்ன சாமான் ஆகாது" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். நிக்காஹ் அன்று தாங்கள் வேனிலிருந்து இறங்கி, பந்தல் வாசலில் நின்று, பச்சை வளைவை அண்ணாந்து பார்த்து, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, "ஹூம்" என்றீர்கள். அந்த "ஹூம்" அன்றிலிருந்து என் காதிலேயே இருக்கிறது. பார்த்ததும் தாங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். ஆமாம் சம்பந்தி, அந்த வளைவு நம் நிக்காஹ் வாசலுக்கு வருவதற்கு முன்னால் வேறு வாசல்களில் நின்றதுதான். ஏன் நின்றது, எப்படி நின்றது என்பதை மட்டும் தயவு செய்து கேட்டுவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்ளுங்கள்.

என் வளைவுக்கு இந்த வட்டாரத்தில் பேர் கிடைத்தது என் கைத்திறமையால் அல்ல, மலையீந்து இலையால். தாங்கள் அந்தச் செடியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பனையும் இல்லை, ஈச்சமும் இல்லை. கட்டைத் தண்டு, உச்சியில் குடை விரித்த மாதிரி நீள நீளமான இலைகள், ஒவ்வொன்றும் பெரிய சீப்பு போல இருக்கும், எண்ணெய் தடவின பளபளப்போடு. வெட்டின பிறகும் நிழலில் வைத்துத் தண்ணீர் தெளித்தால் நெடுநாள் பச்சை மாறாது. மாவிலை மறுநாளே சுருண்டுவிடும், தென்னங்குருத்து மதியத்துக்கே வாடிவிடும். மலையீந்து இருந்தால்தான் வளைவு வளைவாக நிற்கும். இந்த இலை சித்தேரி மலையிலிருந்து வருகிறது. அங்கே தீர்த்தம்மாள் என்று ஓர் அம்மாள், அவர்தான் எனக்கு வருஷாவருஷம் இலை கட்டி அனுப்புகிறவர். சுமை சிறியதா பெரியதா என்று நாங்கள் இருவரும் சண்டை போடாத வருஷமே கிடையாது.

சித்திரை பிறந்ததும் ஹாஜிராவின் நிக்காஹ்வுக்கும் வைகாசி முகூர்த்தங்களுக்கும் சேர்த்து இலை சொல்லிவிடலாம் என்று மலைக்குப் போனேன். அரூரிலிருந்து அடிவாரம் வரை பஸ் சுமந்தது. அதற்கு மேல் என் முழங்கால்தான் சுமக்க வேண்டியிருந்தது. அது வழி முழுக்க முனகியது. மேலே போய்ச் சேர்ந்ததும் தீர்த்தம்மாள் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இந்த வருசம் இலை இல்லைங்க பாய். ஊர்ல கூடிப் பேசிட்டோம்."

"செடியெல்லாம் நிக்குதே தீர்த்தம்மா?"

"நிக்குது. நிக்கட்டும்னுதான் பேசியிருக்கோம்."

நான் வழக்கம்போலப் பேரம் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "வாங்க" என்று சொல்லிச் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போன வருஷம் கீழேயிருந்து வந்த எவனோ ஒரு காண்டிராக்டுக்காரன் ஆட்களை விட்டுக் குருத்தோடு சேர்த்து வெட்டியிருக்கிறான். குருத்து போன செடி மறுபடி துளிர்க்கவில்லை. தலை இல்லாத தண்டுகள் சரிவு முழுக்க நின்றன. ஊர் ஊராகப் போய்க் கல்யாண வாசலை அலங்காரம் செய்கிறவன் நான். என் தொழிலுக்காக ஒரு மலைச் சரிவே இழவு வீடு மாதிரி கிடந்தது. அந்த இலையில் கொஞ்சம் என் பந்தலுக்கும் வந்திருக்கும், யார் கண்டது?

"வருசத்துக்கு ஒரு தடவைதான் புது இலை விடும்" என்றார் தீர்த்தம்மாள். "அடி வரிசைல இருக்கற முத்தின இலையா பாத்து எடுத்தா செடிக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு வருசம் எடுத்தா மறு வருசம் அதைத் தொடக் கூடாது. எங்க பாட்டன் காலத்துல ஆள் ஒசரம் இருந்த செடி, இன்னைக்கும் அதே ஒசரம்தான் இருக்குது. இதை ஒரு மத்தியானத்துல வெட்டிட்டுப் போனா எவன் வளக்கறது?"

நான் அங்கேயே ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வலி பாதி, துக்கம் பாதி. என்னை அறியாமல், "ஹாஜிராவுக்கு நிக்காஹ் வெச்சிருக்கேன் தீர்த்தம்மா" என்று வாயில் வந்துவிட்டது. அதைக் கேட்டதும் அந்த அம்மாள் போட்ட சத்தம் அடிவாரத்துக்கே கேட்டிருக்கும். "பொண்ணு கண்ணாலத்தை மொதல்ல சொல்றதை வுட்டுட்டு, இலை இலைன்னு இம்மாந் நேரம் பேசிக்கிட்டிருக்கீங்களே, உங்களுக்கு அறிவு இருக்குதா?" என்றார். பிறகு ஊர்ப் பெரியவர்களிடம் போய்ப் பேசி, எந்தச் செடியில் எடுக்கலாம் என்று பார்த்துப் பார்த்து, பழுக்கப் போகிற அடி இலைகளாக ஒரு சுமை சேர்த்து, தானே தலையில் வைத்து அடிவாரம் வரை கொண்டு வந்து கொடுத்தார். காசு ஒன்றும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "எங்க மலைச் சீருன்னு வெச்சுக்கங்க" என்றார். இந்த நன்றியை நான் எங்கே போய்த் தீர்ப்பேன்?

ஆனால் பஸ் ஏறும்போது ஒரு நிபந்தனை சொன்னார். சம்பந்தி, தாங்கள் ஒரு நிபந்தனை, அவர் ஒரு நிபந்தனை, நடுவில் நான். "ஒரு நாள் கூத்துக்கு நிறுத்திப்புட்டு மறுநாள் குப்பைல போட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், மலைப்பக்கம் தலை காட்டாதீங்க. பச்சையா இருக்கற வரைக்கும் எங்கயாவது நின்னுக்கிட்டே இருக்கணும்" என்றார்.

நான் வளைவைக் கட்டியது தங்களுக்காகத்தான், புத்தம் புதிதாக. மூங்கில் புதுசு, கயிறு புதுசு, நல்வரவு எழுத்துக்கு ஒட்டின ஜிகினாத் தாள் புதுசு. முடித்துவிட்டு நானும் தர்மனும் தள்ளி நின்று பார்த்தபோது தங்களிடமிருந்து சேதி வந்தது, தங்கள் அக்காவுக்கு மஞ்சள் காமாலை, நிக்காஹ்வைத் தள்ளிப் போடலாம் என்று. அக்கா குணமானதற்கு ஆண்டவனுக்கு நன்றி. நாள் தள்ளிப்போனதற்குத் தங்களுக்கும் நன்றி, அதனால் எனக்குச் சமையல்காரர் கிடைத்தார். ஆனால் வளைவு கட்டியாயிற்று. என் கொட்டகையில் பச்சையாக, சும்மா நிற்கிறது. மலையிலோ வேறு இலை இல்லை. ஏற்கெனவே வாக்குக் கொடுத்த வீடுகளுக்கோ முகூர்த்தம் நெருங்குகிறது.

முதலில் வந்தவர் முனியப்பன், என் அப்பா காலத்திலிருந்து எங்களுக்கு வேண்டிய குடியானவர். "பாய், குரோட்டன்ஸ் இலையைக் கட்டறேன், மாவிலையைக் கட்டறேன்னு சொன்னா நான் கேப்பேன். என் சம்பந்தி கேக்க மாட்டான். ஆர்ச்சு இல்லேன்னா வண்டிய திருப்பிருவான்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். சம்பந்திக்குப் பயப்படுகிற மனுஷனின் முகத்தை நான் அறிவேன், தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். மாட்டு வண்டியில் வளைவை ஏற்றி அனுப்பினேன். கல்யாணம் சிறப்பாக நடந்தது. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் வளைவுக்காலையும் முகூர்த்தக்கால் மாதிரி நினைத்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் செருகிவிட்டார்கள். பச்சை மூங்கில் மஞ்சளைக் குடித்துவிட்டது. ரஹமத் பீவி சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே பால் சொசைட்டிக்காரர்கள் திறப்பு விழாவுக்கு என்று வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். தர்மன்தான் சரி என்று சொன்னவன். அவன் நியாயம் அவனுக்கு. "அந்தம்மா நின்னுக்கிட்டே இருக்கணும்னு சொல்லிச்சில்லண்ணா?" என்றான். அங்கே முதல் பால் கறக்க ஒரு பசுவுக்குக் கொம்பில் வர்ணம் பூசி மாலை போட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள். மேளக்காரர்கள் ஒரே அடியாக அடித்ததும் அது மிரண்டு, வளைவுக்குள் புகுந்து, வளைவோடு தர்மபுரி ரோட்டில் ஓட ஆரம்பித்துவிட்டது. பின்னால் தர்மன், அவன் பின்னால் மேளக்காரர்கள், அவர்கள் பின்னால் கையில் கத்தரிக்கோலோடு திறப்பு விழாவுக்கு வந்த பெரிய மனிதர். எதிரே வந்த பஸ் ஓரம் கட்டி நின்று வழி விட்டதாம். பசு களைத்து ஒரு புளியமரத்தடியில் நின்றது. ஒரு பக்கத்து இலைகள் ஒடிந்து போயின. மாற்றுவதற்கு வேறு ஈந்து இலை கிடையாது. அந்த இடத்தில் மாவிலை வைத்துக் கட்டினேன். நிக்காஹ் அன்று தாங்கள் தலை சாய்த்துப் பார்த்தது அந்தப் பக்கம்தான் என்று இப்போதும் ரஹமத் பீவி சொல்கிறாள்.

மூன்றாவது, எங்கள் தெருக்கோடி கண்ணம்மாளின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அதற்கு நான் சம்மதிக்கவில்லை. சத்தியமாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் பந்தல் சொல்ல மறந்து போன தாய் மாமன் வாசலில் தலை குனிந்து நின்றதையும், கண்ணம்மாள் அவரை ஒரு வார்த்தை திட்டாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்த ரஹமத் பீவி, நான் லுஹர் தொழுகைக்குப் போன நேரத்தில் தானே எடுத்துக் கொடுத்துவிட்டாள். விழா முடிந்தது, வளைவு வரவில்லை. நிக்காஹ்வுக்கு முதல் நாள் நானே போய்க் கேட்டால், கண்ணம்மாள் விட மாட்டேன் என்கிறார். "இது நின்ன எடத்துல எல்லாம் நல்லதே நடக்குதுங்க பாய். முனியப்பன் சம்பந்தியே சிரிச்சானாம். இன்னும் ஒரு நாள் இருக்கட்டுங்க" என்றார். "நாளைக்கு எம் மக நிக்காஹ்வுங்க" என்றேன். அவ்வளவுதான். உள்ளே போய்த் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு ரவிக்கைத் துண்டு எல்லாம் வைத்து, வளைவோடு சேர்த்து எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார், பெண்ணை வழியனுப்புகிற மாதிரி. அவர் கண் கலங்கியிருந்தது. என் கண்ணும்தான்.

ஆகவே சம்பந்தி, அந்த வளைவு பழசு என்பது உண்மை. மஞ்சள் பட்டதும், மாடு முட்டியதும், மாவிலை வைத்து ஒட்டுப் போட்டதும் உண்மை. உச்சியில் எலுமிச்சம்பழம் இருந்ததும் உண்மை, அதை எடுக்கத் தர்மன் மறந்துவிட்டான். ஆனால் அது போன இடத்தில் எல்லாம் ஒரு வீட்டாராவது மனம் நிறைந்து வாழ்த்தினார்கள். அத்தனை வாழ்த்தையும் சேர்த்துக்கொண்டு வந்துதான் நம் வாசலில் நின்றது. புது இலைக்கு அந்த வாழ்த்து ஏது? மேலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று நான்கு வாசலுக்கு நான்கு சுமை வெட்டியிருந்தால், அந்தச் சரிவில் இன்னும் எத்தனை செடி மொட்டையாகியிருக்கும்? நேற்றுச் சந்தையில் என் தொழில் எதிரி சென்றாயனைப் பார்த்து இதையெல்லாம் சொன்னேன். என்னோடு ஒத்துப் பேசியே பழக்கமில்லாத மனிதன், "சரி, மலை தேறட்டும், நானும் இந்த வருசம் குரோட்டன்ஸ்தான்" என்று என் கையைப் பிடித்தான். அவனுக்கும் நன்றி.

என் மேல் தங்களுக்கு என்ன கோபம் இருந்தாலும் அதை என் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வரச் சொல்லி நாலு பேர் முன்னால் திட்டுங்கள், நின்று கேட்டுக்கொள்கிறேன். ஹாஜிரா எங்களுக்கு ஒரே பெண். அவளை இந்த வாசலுக்கு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையையும் அவளையும் அனுப்பி வைத்தீர்களானால், நானும் ரஹமத் பீவியும் எங்கள் ஆயுள் உள்ளவரை தங்களை நினைத்து துஆ செய்வோம். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கும், அதற்கு நான் பொறுப்பு.

தங்கள் வியாபாரம் பெருகவும், தங்கள் அக்காவின் உடம்பு தேறவும், தங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கவும் ஆண்டவனை வேண்டுகிறேன். சம்பந்தியம்மாளுக்கு ரஹமத் பீவியின் சலாம். தர்மன் தன் வணக்கத்தையும், எலுமிச்சம்பழத்துக்கு மன்னிப்பையும் தெரிவிக்கச் சொன்னான்.

இப்படிக்கு,
தங்கள் உறவுக்கு என்றும் கடமைப்பட்ட,
பந்தல் நூர் பாஷா.

பின்குறிப்பு: சம்பந்தி, தாங்கள் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். முடிந்தால் இதை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளவும். நான் கையெழுத்துப் போட்டு உறையைத் தேடிக்கொண்டிருக்கும்போது அரூர்ப் பக்கம் இருந்து வந்த பஸ்ஸிலிருந்து மாப்பிள்ளையும் ஹாஜிராவும் இறங்கி வருகிறார்கள், இருவர் காலிலும் முழங்கால் வரை செம்மண். மாப்பிள்ளையின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

நான் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தாங்கள் இன்னும் கோபமாக இருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் திருதிருவென்று விழித்தார். "கோபமா? அத்தாவுக்கா? நாங்க வியாழக்கிழமையே உங்க வூட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டுத்தானுங்க மாமா கெளம்புனோம்" என்றார். தாங்கள் ஆர்ச்சைப் பார்த்து "ஹூம்" என்றதைச் சொன்னேன். "அன்னைக்கு அத்தாவுக்குக் கழுத்து சுளுக்குங்க. வேன்ல சாஞ்சு தூங்கிட்டு வந்தாரு. தலையைத் தூக்குனாலே ஹூம்னுதான் வரும். ஆர்ச்சு ரொம்ப ஜோர்னு இன்னும் கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காரு. அது பழசுங்களா?" என்று கேட்டார். நான் இந்தக் கடிதத்தை மெல்ல மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

போன இடம் சித்தேரி. "எனக்குன்னு இலை குடுத்தவங்களை நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லலைன்னா எப்படி அத்தா, மொதல்ல அங்க போயிட்டு மறுநாள் மத்தியானத்துக்கு இங்க வந்துரலாம்னு நெனச்சோம்" என்று ஹாஜிரா சொல்கிறாள். தீர்த்தம்மாள் விடவில்லை. இலை வாங்கின வீட்டார் வித்து ஊன்றிவிட்டுத்தான் மலை இறங்க வேண்டும் என்பது அந்த ஊரில் இந்த வருஷம் போட்ட புதுச் சட்டமாம். வெள்ளியும் சனியும் இருவரும் அந்த மொட்டைச் சரிவில் குழி தோண்டி மலையீந்து வித்து ஊன்றியிருக்கிறார்கள். முதல் வெள்ளிக்கிழமை விருந்து சாமைச் சோறும் அவரைக் குழம்பும். இதுவரை சாப்பிட்டதிலேயே அதுதான் ருசி என்று மாப்பிள்ளை ரஹமத் பீவியின் முன்னாலேயே சொல்லிவிட்டார். அவள் சிரித்தாள், அழுதாள், மறுபடி அடுப்பை மூட்டப் போயிருக்கிறாள்.

ஆகையால் மேலே உள்ளவற்றில் நன்றி சொன்ன இடங்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் மறந்துவிடவும். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், ரஹமத் பீவி விடவில்லை, உண்மையை எழுதிவிட்டு ஒளிக்கக் கூடாது என்கிறாள். அந்த வித்து முளைத்து, வேர் பிடித்து, ஓர் அடி இலையை மனசு நோகாமல் எடுக்கிற அளவுக்கு வளர நெடுங்காலம் ஆகுமாம். தீர்த்தம்மாள் ஹாஜிராவின் வயிற்றைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உம் புள்ளைங்க கண்ணாலத்துக்கு ஆகும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அது நம் பேரப்பிள்ளைகளின் நிக்காஹ் அல்லவா சம்பந்தி? அந்த வாசலில் நானும் தாங்களும் உயிரோடு நின்று பார்ப்போமோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஆனால் அதில் நிற்கிற வளைவு ஒவ்வொரு இலையும் புதுசாக இருக்கும். இந்த முறை இது பந்தல்காரன் வாக்கு இல்லை, தங்கள் மகன் கைக் கொப்புளத்தின் வாக்கு.